குப்பனூர் மலைப்பாதையில் ஒரு பள்ளி ஆண்டு விழா

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்ல இரண்டு மலைப்பாதைகள் உண்டு. நகரத்துக்கு வடக்கே அடிவாரத்தில் தொடங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏரிக்கரையில் கொண்டு சேர்ப்பது ஒன்று. உல்லாசப் பிரயாணிகளில் பெரும்பாலோர் அறிந்தது அதுவே. மற்றொன்று, அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி அரூர் செல்லும் சாலையில் குப்பனூர் என்னும் சிற்றூரிலிருந்து இடப்புறமாகப் பிரிந்து, கொட்டச்சேடு வழியாகச் சுற்றி வளைந்து மேலேறுவது. முதற்பாதையில் மண் சரிந்தாலும், பாலம் பழுதுபட்டாலும், வாகனங்களை இவ்வழியே திருப்பி விடுவார்கள். மே மாதத்தில் கோடை விழா நடைபெறும் நாட்களில், ஏறுவோர் அவ்வழியாகவும் இறங்குவோர் இவ்வழியாகவும் போகும்படி போலீஸார் ஏற்பாடு செய்வதும் உண்டு. மற்ற நாட்களிலெல்லாம் இது மலைக் கிராமத்து மக்களின் பாதை. அவர்கள் விளைவித்த காபியும் மிளகும் கீழே இறங்குவதும், அரிசியும் உப்பும் துணிமணியும் மேலே ஏறுவதும் இவ்வழியேதான்.

பங்குனி மாதத்தில், இப்பாதையை ஒட்டிய மலைக் கிராமமொன்றின் அரசு உயர்நிலைப்பள்ளியில் நடைபெறவிருந்த ஆண்டு விழாவுக்கு வரும்படி, அங்கே தமிழாசிரியராக விளங்கும் நண்பர் அழைத்திருந்தார். ஏரியையும் படகுத்துறையையும் பூங்காக்களையும் பார்ப்பதற்கென்று ஏறி இறங்குகிறவர்களுக்குப் புலப்படாத ஒரு ஜீவிதம் அம்மலையில் உண்டு என்பதையும், அதை அறிந்துகொள்ள விரும்புகிறவன் அங்குள்ள பள்ளிக்கூடத்தின் வாயிலாகத்தான் நுழைய வேண்டும் என்பதையும் அந்நண்பர் பல சமயங்களில் எனக்கு எடுத்துரைத்திருக்கிறார். ஆகவே அவருடைய அழைப்பு எனக்கு மிகுந்த உற்சாகத்தை அளித்தது.

கோதண்டராமர் கோயிலின் சிற்பத் தூண்களால் பிரசித்தி பெற்ற அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து குப்பனூரை அடைந்தபோது, காலை வெயிலே உறைக்கத் தொடங்கியிருந்தது. வடக்கே தலைதூக்கி நிற்கும் சேர்வராயன் மலைத்தொடரின் சரிவுகள், அடிப்பகுதியில் இலையுதிர்ந்த மரங்களும் முட்புதர்களுமாகச் சாம்பல் நிறம் பூண்டும், நடுப்பகுதியில் மூங்கிலும் பலவகை மரங்களுமாகப் பசுமை கலந்தும், உச்சியில் நீலம் தோய்ந்தும் காணப்பட்டன. பேருந்து சரிவில் ஏற ஏற, சமவெளியின் புழுக்கம் சிறிது சிறிதாக நீங்கி, குளிர்ந்த காற்று முகத்தில் படியலாயிற்று. சிறிது உயரம் சென்றதும், நெட்டையாக வளர்ந்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் தண்டைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளும், அவற்றின் நிழலில் வரிசை வரிசையாகக் காபிச் செடிகளும் தென்பட்டன.

அதற்கு முந்திய வாரத்தில் அப்பிரதேசத்தில் நல்ல மழையொன்று பெய்திருந்தது. பங்குனி, சித்திரையில் பெய்யும் அம்மழையைக் காபித் தோட்டத்தார் பூ மழை என்பார்கள். அது பெய்த சில நாட்களில் காபிச் செடிகளின் கிளைகளெல்லாம் வெண்ணிறப் பூக்களால் மூடுண்டு, மல்லிகையின் வாசனையை ஒத்த நறுமணத்தை மலை முழுவதும் பரப்பும். இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும் இப்பூக்களை நம்பியே அடுத்த கார்த்திகை முதல் மாசி வரையிலான பழம் பறிப்பு நடக்கிறது. அப்பறிப்பின் கூலியை நம்பியே இம்மலையின் அநேகக் குடும்பங்கள் வாழ்கின்றன. சேலம் ஜில்லாவின் கலெக்டராக 1820 முதல் 1829 வரை பதவி வகித்த எம். டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் காபிப் பயிரைக் கொணர்ந்து வைத்த நாளிலிருந்து, தோட்டத்தின் பருவமே மலைவாசிகளின் பருவமாயிற்று; பள்ளிக்கூடத்தின் பருவமும் அதனோடு பிணைந்தே இருப்பதை அன்று மாலைக்குள் நான் தெரிந்துகொண்டேன்.

இம்மலையின் பூர்வ குடிகள் மலையாளிகள் எனப்படுவோர். கேரளத்தாரோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர் மூவர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் தனித்தனியே குடியேறினர் என்றும், அவர்களுடைய சந்ததியாரே தாங்கள் என்றும் இம்மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, சேர்வராயனையும் காவேரியம்மனையும் வழிபட்டு வாழ்ந்துவந்த இவர்கள், தோட்டங்கள் பெருகியபின் பெரும்பாலும் கூலி வேலையையே சார்ந்திருக்க வேண்டியவர்களாயினர். அரசியல் சட்டத்தின்படி இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றவர்கள். ஆகையால் கல்விச் சலுகைகளும் இடஒதுக்கீடும் இவர்களுக்கு உண்டு. அச்சலுகைகள் ஒரு குழந்தையின் கைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடம் சாலையின் வளைவொன்றில், மேட்டை வெட்டிச் சமன்படுத்திய நிலத்தில் அமைந்திருந்தது. முற்றத்தில் துணிப் பந்தல் போட்டு, மாவிலைத் தோரணமும் வண்ணக் காகிதமும் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியின் பாட்டு பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவு வரை கேட்டது. விழா பிற்பகலில்தான் என்றாலும், காலை பத்து மணிக்கே ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டனர். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களிலிருந்து ஒற்றையடிப் பாதைகளில் நடந்துவந்த தாய்மார்கள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு பந்தலுக்குள் அமர்ந்தார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த தகப்பன்மார் வேப்பமரத்தடியில் கூடி நின்றார்கள். தடியூன்றி நடந்துவந்த மூதாட்டி ஒருவர், தம் பேத்தி ஆடப்போகிறாள் என்பதைத் தம்மைக் கடந்து சென்ற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நகரத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா மாணாக்கர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய விழா. மலைமேலோ அது ஊர்த் திருவிழாவுக்கு அடுத்தபடியாக ஊர் கூடும் விழா.

தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பின்னர், தலைமையாசிரியை எழுந்து ஆண்டறிக்கை வாசித்தார். சாதாரணமாக ஆண்டறிக்கை வாசிக்கும் வேளையில் சபையில் சலசலப்பு எழுவதையும், கலை நிகழ்ச்சிகள் எப்போது தொடங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். இங்கே அப்படியில்லை. சென்ற ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவுகளைக் கூறி, தேறியவர்களில் யார் யார் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள், யார் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனார்கள், யார் படிப்பை நிறுத்தினார்கள் என்று ஒவ்வொரு பெயராக அவர் வாசித்தபோது, பந்தலில் ஒருவரும் பேசவில்லை. எட்டாம் வகுப்பு மாணவியொருத்தி தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் வெற்றி பெற்றிருக்கிறாள் என்றும், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் 12,000 ரூபாய் அவளுக்குக் கிடைக்கும் என்றும் அறிவித்தபோது, அவளுடைய தாயார் எழுந்து நின்று கும்பிட்டார். அரசுப் பள்ளிகளுக்கென்று 2022ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டுவரும் கலைத் திருவிழாவில் இப்பள்ளி மாணவர்கள் பெற்ற பரிசுகள், குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் மலைப் பிள்ளைகள் காட்டிய திறமை, பள்ளி மேலாண்மைக் குழுவின் முயற்சியால் சுற்றுச்சுவர் எழும்பிய செய்தி ஆகிய யாவும் அந்த அறிக்கையில் இடம்பெற்றன.

பின்னர் அவர் குரலைச் சற்றுத் தாழ்த்தி, பெற்றோரை நோக்கி நேராகப் பேசலானார். கார்த்திகை முதல் மாசி வரை காபிப் பறிப்புக் காலத்தில் வகுப்பறைகளில் காலியிடங்கள் மிகுதியாவதையும், அக்காலமே பத்தாம் வகுப்பு மாணாக்கர் திருப்புதல் தேர்வுகளுக்குத் தயாராக வேண்டிய காலமாக இருப்பதையும், தாயும் தந்தையும் தோட்டத்துக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுவதையும் அவர் கடிந்துகொள்ளாமல் எடுத்துச் சொன்னார். “உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லைங்க. நாலு மாசக் கூலிய நினைச்சுப் பிள்ளையோட நாப்பது வருஷத்த விட்டுடாதீங்க” என்று அவர் கூறியபோது, முன்வரிசையிலிருந்த பெண்கள் சிலர் தலையசைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடம் தன் ஊராருக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்புவிக்கும் கணக்கே ஆண்டறிக்கை என்பதை அன்றைக்கு நான் முழுமையாக உணர்ந்தேன்.

அதன்பின் கலை நிகழ்ச்சிகள் தொடங்கின. சிறுவர்கள் மலைமக்களின் கொட்டுக்கு ஏற்ப வட்டமாகச் சுழன்று ஆடியபோது, பந்தலுக்கு வெளியே நின்ற முதியவர் இருவர் தம்மையறியாமல் கால்களை எடுத்து வைத்தனர். பாடத்தில் வரும் சிலப்பதிகாரக் காட்சியை நாடகமாக நடித்த சிறுமியர், சேலைத் தலைப்பு நழுவுவதைப் பொருட்படுத்தாமல் வசனத்தைக் கணீரென்று பேசினார்கள். இப்பள்ளியில் படித்து, செவிலியர் பயிற்சி முடித்து, சமவெளியில் பணியாற்றும் பெண்ணொருவர் பழைய மாணவியாக வந்து பரிசுகளை வழங்கினார். அவர் நீண்ட சொற்பொழிவு எதுவும் நிகழ்த்தவில்லை. தாம் உட்கார்ந்திருந்த வகுப்பறையைச் சுட்டிக்காட்டி, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் தம் தந்தையார் தம்மைக் கேரளத்துத் தோட்ட வேலைக்கு அழைத்துப்போக எண்ணியிருந்ததையும், இப்பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு நடந்து வந்து பேசியபின் அந்த எண்ணம் மாறியதையும் சொன்னார். அவ்வாசிரியை பணி ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேட்டபோது, சபையினர் அவருக்காகவும் கைதட்டினார்கள்.

விழா முடிந்து கூட்டம் கலைகையில், பத்தாம் வகுப்பு மாணாக்கர்களுக்கு ஒன்பதாம் வகுப்பினர் பேனா பரிசளித்து விடைகொடுத்தார்கள். ஆட்டோகிராப் ஏடுகள் கைமாறின. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். அப்போது மரத்தடியில் நின்ற ஒரு தந்தையாருடன் எனக்குச் சம்பாஷணை ஏற்பட்டது. “பத்து முடிச்சுட்டான்னா இந்தப் பள்ளிக்கூடத்துல அதுக்கு மேல இல்லீங்க. ஏற்காட்டுக்குப் போவணும், இல்லாட்டிக் கீழ எறங்கணும். பையன் போறேங்கறான். எங்க தங்குவான், எந்த பஸ்ஸுல போவான்னு ஒண்ணும் புரியலீங்க” என்று அவர் சொன்னார். அவருடைய சொற்களில் விருப்பமின்மை சிறிதும் இல்லை. வழி தெரியாத கலக்கமே இருந்தது. இம்மலையின் கல்விப் பிரச்னையின் சாரம் அவ்வளவும் அந்தக் கலக்கத்தில் அடங்கியிருந்தது.

இதற்கான காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். 1978ஆம் ஆண்டுக்கு முன்பு, தமிழ்நாட்டில் பதினோரு ஆண்டுப் படிப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நடைபெற்றது, அதற்குமேல் படிக்க விரும்புவோர் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தனர். அவ்வாண்டில் மேல்நிலைக் கல்வி ஏற்படுத்தப்பட்டு, பத்தாம் வகுப்போடு ஒரு தேர்வும் பன்னிரண்டாம் வகுப்போடு மற்றொரு தேர்வும் என்ற முறை வந்தது. கல்லூரிக்குப் போகாமலே கிராமத்துப் பிள்ளை மேலும் இரண்டாண்டுகள் படிக்க இதனால் வழி பிறந்தது, ஐயமில்லை. ஆனால் மேல்நிலைப்பள்ளி இல்லாத ஊர்களில், பத்தாம் வகுப்பின் முடிவு பள்ளிக்கூடத்தின் முடிவாகவே ஆகிவிடுகிறது. தேர்வு முடிவதற்கும் முடிவுகள் வெளிவருவதற்கும் இடையிலுள்ள கோடை வாரங்களில், மலைப்பிள்ளையை எந்தப் பள்ளியும் தன் பிள்ளையென்று கூறுவதில்லை. பழைய பள்ளியின் பதிவேட்டிலிருந்து அவன் நீங்கிவிட்டான், புதிய பள்ளியின் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை. அவ்வாரங்களில்தான் வெளியூர் வேலைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் கிராமங்களுக்கு வருகிறார்கள்; அவ்வாரங்களில்தான் பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள்.

சான்றிதழ் விஷயமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மற்ற வகுப்பாருக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்திலேயே கிடைத்துவிடும். பழங்குடியினருக்கோ வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். தவறானவர்கள் அச்சலுகையைப் பறித்துக்கொள்ளாதபடி செய்யப்பட்ட இக்கட்டுப்பாடு நியாயமானதே. ஆயினும் அன்றாடக் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கிப் பலமுறை அலைய வேண்டிய தகப்பனுக்கு அது பெருஞ்சுமை. என் நண்பரும் அவருடைய சகாக்களும் ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பங்களை எழுதி வாங்கி அனுப்பி, பத்தாம் வகுப்பு முடிவதற்குள் சான்றிதழ் மாணவன் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத இந்த உழைப்பை நான் மனமாரப் போற்றுகிறேன்.

மறுநாள் கொட்டச்சேட்டைக் கடந்து ஏற்காட்டுக்குச் சென்றேன். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூர் நெடுங்காலமாகவே கல்விக்குப் பெயர் பெற்றது. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894ஆம் ஆண்டில் நிறுவிய திரு இருதயப் பள்ளியும், புனித கபிரியேல் சகோதரர்கள் 1917ஆம் ஆண்டில் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியும் நூறாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. 1983ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் அணியில் விளையாடிய ரோஜர் பின்னி, திரைப்பட நடிகர் விக்ரம், எழுத்தாளரும் பாராளுமன்ற உறுப்பினருமான சசி தரூர் முதலானோர் மான்ட்போர்ட்டில் பயின்றவர்கள். இத்தகைய விடுதிப் பள்ளிகளில் ஆண்டு முடிவு வேறு விதமான கோலாகலம் உடையது. இரும்புப் பெட்டிகளும் படுக்கைச் சுருள்களும் தாழ்வாரங்களில் அடுக்கப்பட, தூர தேசங்களிலிருந்து பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்வார்கள். இப்பள்ளிகளின் சிறப்புக்குக் கட்டடமும் மைதானமும் மட்டும் காரணமல்ல. சின்னஞ்சிறு வகுப்பில் நுழைந்த குழந்தையைப் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவு வரை ஒரே கூரையின்கீழ் வைத்துப் பாதுகாக்கும் தொடர்ச்சியே அவற்றின் தலையாய பலம். இந்தத் தொடர்ச்சியை இதே மலையில் பிறந்த குழந்தைக்கும் நாம் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும் என்பதே என் பிரயாணத்தில் நான் அடைந்த முடிவு.

ஏற்காட்டில் நான் சென்று பார்த்த மற்றோரிடம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூய திரித்துவ ஆலயம். அங்கே நின்றபோது தமிழறிஞர் பீட்டர் பெர்சிவல் என் நினைவுக்கு வந்தார்; அவர் தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1882ஆம் ஆண்டில் காலமானது இம்மலையூரில்தான். தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை 1855இல் தொடங்கியவரும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. தமிழகத்துக்கு வருவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய பள்ளியில் மாணவராயிருந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகி, விவிலியத் தமிழாக்கத்தில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அந்நாவலரே பிறகு சைவத்தில் கொண்ட பற்றினால் அப்பணியைத் துறந்து, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் மற்றொரு வித்தியாசாலையையும் நிறுவினார். படிப்பு இடையில் அறுபடாமல் தொடர்ந்த ஒரே ஒரு மாணவன், ஆசிரியரின் வழியிலிருந்து வேறுபட்டுச் சென்றாலும், தன் சமூகத்துக்கு எத்தனை பள்ளிகளைத் தரவல்லவனாகிறான் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மாலையில் 1,623 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் கோயில் மேட்டுக்கு ஏறினேன். குகைக்குள் தாழக் குனிந்து சென்று தரிசனம் செய்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், கிராமங்கள் எத்தனை தொலைவில் ஒன்றுக்கொன்று ஒதுங்கிக் கிடக்கின்றன என்பது தெளிவாகத் தெரிகிறது. ஒரு குழந்தை நாள்தோறும் எந்தச் சரிவை ஏறி எந்தச் சரிவில் இறங்கிப் பள்ளிக்குப் போகவேண்டியிருக்கிறது என்று அறிய விரும்பும் அதிகாரிகளுக்கு, அலுவலகத்துப் படத்தைக் காட்டிலும் இந்த மேடு நன்கு உதவும். சாலை இல்லாத சரிவுகளில் விடுதியும், சாலை உள்ள சரிவுகளில் பள்ளி நேரத்துக்கு ஒத்த பேருந்தும் இருந்தால், மேலே கூறிய தகப்பனாரின் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

பழங்குடியினருக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. நான் முதல்வன், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எனத் திட்டங்கள் பல உள்ளன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவை யாவும் போற்றத்தக்கவை. ஆனால் இவற்றில் பல, பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்த குழந்தைக்காகக் காத்திருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையே உள்ள பள்ளத்தில் விழுந்துவிட்ட குழந்தை அவற்றைச் சென்றடைவதேயில்லை.

ஆகையால், கோடை விழாவுக்கும் மலர்க் காட்சிக்கும் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குச் செல்லும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது இது: திரும்பும்போது குப்பனூர்ப் பாதையில் இறங்குவீர்களானால், வழியிலுள்ள ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டு, பத்தாம் வகுப்பு முடித்த எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி குறைகிறது என்று கேளுங்கள். ஒருவனுக்கு விடுதிக் கட்டணம் தேவைப்படலாம். ஒருத்திக்குச் சேர்க்கை விண்ணப்பம் எழுதித்தர ஆள் தேவைப்படலாம். இப்பள்ளிகளில் படித்து முன்னேறியவர்கள் தத்தம் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்து, மே மாதத்தில் வீடு வீடாகச் சென்று வரட்டும். தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன; பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் அதையொட்டியே நடைபெறுகிறது. அந்தச் சில வாரங்களில் ஒவ்வொரு மலைப்பிள்ளையின் பக்கத்திலும் பெரியவர் ஒருவர் துணைநிற்பாரானால், அடுத்த ஆண்டறிக்கையில் படிப்பை நிறுத்தியவர்கள் என்ற வரியே இல்லாமற்போகும்.